லிஸ்பனில் எங்கே தங்குவது? அம்மாவின் முழங்கால் சொன்ன பதில்

டாக்ஸி டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கையை மேலே காட்டினார். அந்தத் திசையில் தெருவே இல்லை. படிகள்தான் இருந்தன. இரண்டு பக்கமும் வீடுகள், நடுவில் கல் படிகள், ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் கம்பி.

“இதுக்கு மேல வண்டி போகாதாம்மா” என்றேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சேலைக் கொசுவத்தை லேசாகத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார். என் மகன் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினான். வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததும், “வெளியில 58 படி” என்று அறிவித்தான். உள்ளே போய்ப் பார்த்தால் லிஃப்ட் இல்லை. மரப்படிகள், ஏணி மாதிரி செங்குத்தாக. “உள்ளே 51.” ஆக மொத்தம் 109 படிகள். அம்மாவுக்கு 69 வயது. இரண்டு முழங்காலிலும் பத்து வருடத் தேய்மானம்.

ஊரைச் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில், தங்கும் இடத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதை அந்த இரவில்தான் தெரிந்துகொண்டேன். நீங்களும் பெற்றோரையோ சின்னக் குழந்தைகளையோ கூட்டிக்கொண்டு லிஸ்பன் போவதாக இருந்தால், என்னுடைய தப்பு உங்களுக்குப் பயன்படட்டும்.

ஏன் லிஸ்பன்?

பாரிஸ், ரோம், சுவிட்சர்லாந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு அம்மா லிஸ்பனைக் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அம்மா தூத்துக்குடியில் முப்பது வருடத்துக்கு மேல் தமிழாசிரியை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அச்சுக்கலை பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் ஒரு தகவலைச் சொல்வார். தமிழ் மொழியில் அச்சான முதல் புத்தகம் தமிழ்நாட்டில் அச்சாகவில்லை. 1554-ல் லிஸ்பனில் அச்சானது. ‘கார்த்திலா’ என்று அதைச் சொல்கிறோம். தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில், கூடவே போர்ச்சுக்கீசிய மொழியும் இருக்கும். முத்துக்குளித்துறை மக்களுக்காகத் தயாரான கிறிஸ்தவ வழிபாட்டு நூல் அது. தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அதன் பிறகு 1578-ல் கொல்லத்தில் வந்தது.

“எங்க கடற்கரைக்காக அச்சடிச்ச புத்தகம். அந்த ஊரை ஒரு தடவை கண்ணால பாத்துட்டா போதும்” என்பார். மூட்டு அறுவை சிகிச்சைக்கு டாக்டர் நாள் குறிக்கச் சொல்லியிருந்தார். “முதல்ல லிஸ்பன், அப்புறம் ஆஸ்பத்திரி” என்று அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அதனால் இந்தப் பயணத்தில் அவருடைய முழங்கால்தான் முக்கியமான பயணி. அதை மறந்துவிட்டு அறை பிடித்தவள் நான்.

எப்படி மறந்தேன் என்கிறீர்களா? ஒரு போட்டோ. நீலச் சட்டம் போட்ட ஜன்னல், அதற்கு வெளியே செம்மண் நிற ஓட்டுக் கூரைகள், அதற்கும் அப்பால் தேஜோ ஆறு. பார்த்ததும் விழுந்துவிட்டேன். மேப்பில் அளந்து பார்த்தால் ஆற்றங்கரை 250 மீட்டர், கோட்டை 300 மீட்டர். ‘அடடா, எல்லாம் பக்கத்திலேயே!’ என்று பணத்தைக் கட்டிவிட்டேன். கொஞ்சம் விலை குறைவு என்பதற்காக, ரத்து செய்தால் பணம் திரும்ப வராத வகை. மேப் தட்டையானது, லிஸ்பன் தட்டையானதல்ல என்ற சின்ன விஷயம் அப்போது உறைக்கவில்லை.

லிஸ்பனை ரோம் மாதிரி ஏழு குன்றுகளின் நகரம் என்பார்கள். அம்மாவைக் கேட்டால் எழுபது என்பார்.

ஜன்னலோரம் ஒரு நாள்

மறுநாள் காலையில் அம்மாவின் வலது முழங்கால் வீங்கியிருந்தது. “நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் இங்கனயே இருக்கேன்” என்றார். இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, ஆசைப்பட்ட ஊரில் அறைக்குள் உட்கார்ந்திருக்கப் போகிறார். எனக்கு அழுகையாக வந்தது. மகனை மட்டும் பக்கத்துத் தெருவில் ரொட்டி வாங்க அனுப்பிவிட்டு நானும் கூடவே இருந்துவிட்டேன்.

ஆனால் அம்மா என்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தார். அந்தச் சந்து அவ்வளவு குறுகல். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு பாட்டி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அம்மாவுக்குப் போர்ச்சுக்கீசியம் தெரியாது. இருந்தாலும் அரைமணி நேரத்தில் இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா முழங்காலைத் தொட்டுக் காட்டினார். அந்தப் பாட்டி இரண்டு முழங்காலையும் தொட்டுக் காட்டினார்.

பிறகு அம்மாவின் பழைய வாத்தியார் புத்தி விழித்துக்கொண்டது. நம்மிடம் இருக்கும் போர்ச்சுக்கீசியச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். ஜன்னலைத் தட்டி, “ஜன்னல்!” பாட்டி கண் விரிய, “ஜனேலா!” சாவிக் கொத்தை ஆட்டி, “சாவி.” அந்தப் பக்கமிருந்து “ஷாவ்.” மேசைக்கு ‘மேசா’, அலமாரிக்கு ‘அர்மாரியு’, கொடியில் கிடந்த துவாலைக்கு ‘துவாலியா’. ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு ஜன்னல்களிலும் கைதட்டல். நானும் என் மகனும் பார்வையாளர்கள்.

“அந்தம்மா வீட்டுக்கு மேல, கீழ, பக்கத்துல எல்லாம் பூட்டியே கிடக்கு, பாத்தியா?” என்று மதியம் அம்மா கேட்டார். அதன் பிறகுதான் கவனித்தேன். பாதி வாசல்களில் எண் போட்டுத் திறக்கும் சின்னச் சாவிப் பெட்டி தொங்குகிறது. சுவரில் ‘ஏ.எல்.’ என்ற பலகை. சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் வீடு என்பதற்கான அடையாளம் அது. வாடகை ஏறி, அந்தக் குன்றில் தலைமுறையாக இருந்தவர்கள் வெளியேறுவது லிஸ்பனில் பெரிய விவாதமாக இருக்கிறது. நாங்கள் தூங்கிய அறையும் முன்பு யாரோ ஒரு குடும்பத்தின் வீடாக இருந்திருக்கும். அந்த எண்ணம் வந்த பிறகு அந்த நீல ஜன்னல் போட்டோ கொஞ்சம் வேறு மாதிரி தெரிந்தது.

இரண்டாம் இரவு முடிவெடுத்தேன். இடம் மாறுகிறோம். மிச்சம் நான்கு இரவுக்கான பணம் போனால் போகட்டும். அம்மாவுக்குத்தான் மனசே இல்லை. “அவ்வளவு காசும் வீணாப் போகுமேட்டி. ரெண்டு நாள்ல கால் பழகிரும்” என்றார். பழகாது. தேய்ந்த மூட்டு ஏறிப் பழகாது, இறங்கி இன்னும் மோசமாகும். காலையில் ஒவ்வொரு படியாக, பக்கவாட்டில் திரும்பித் திரும்பி இறங்கினார். 109 படிக்கு இருபது நிமிடம்.

முகவரியே சொல்லிவிடும்

இந்த ஊரில் தெருப்பெயரின் முதல் சொல்லைப் படித்தாலே பாதி தெரிந்துவிடும். இதை யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

‘எஸ்காதின்யாஸ்’ என்று ஆரம்பித்தால் அது தெருவே இல்லை, படிக்கட்டு. எங்கள் முகவரியில் அந்தச் சொல் கொட்டை எழுத்தில் இருந்தது. ஏதோ அழகான பெயர் என்று நினைத்துக்கொண்டேன்! ‘கல்சாதா’ என்றால் கல் பாவிய தெரு. பெரும்பாலும் நல்ல சரிவாக இருக்கும். ‘பெக்கோ’ என்றால் சந்து, கார் நுழையாது. ‘ருவா’ என்றால் சாதாரணத் தெரு, மேடும் உண்டு, சமதளமும் உண்டு. ‘அவெனிதா’ என்றால் அகலமான சாலை, கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். பகுதிப் பெயர்களும் அப்படித்தான். ‘பைஷா’ என்றால் தாழ்வானது. ‘ஆல்ட்டோ’ என்றால் உயரமானது.

கதவு எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும். அது மாடி. 3 என்று போட்டு ‘எஸ்க்’ என்றிருந்தால் மூன்றாவது மாடி, இடது பக்கம். ‘ஆர்/சி’ என்றிருந்தால் தரைத்தளம். பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. விளம்பரத்தில் ‘லிஃப்ட் உண்டு’ என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரருக்கு இரண்டே கேள்விகள் அனுப்பினால் போதும். கார் வாசல் வரை வருமா? கார் நிற்கும் இடத்திலிருந்து அறைக் கதவு வரை மொத்தம் எத்தனை படி? ‘சில படிகள்’ என்று பதில் வந்தால் எண்ணிக்கையைக் கேளுங்கள். அல்ஃபாமா, பைரோ ஆல்ட்டோ மாதிரி பழைய பகுதிகளில் வெளி வண்டிகள் நுழையாதபடி தெருமுனையில் தூண் தடுப்பு வைத்திருக்கிறார்கள். டாக்ஸி அங்கேயே நின்றுவிடும்.

கூகுள் மேப்பில் தெருவை நேரில் பார்க்கும் வசதி இருக்கிறதே, அதில் அந்த வாசலை ஒரு தடவை பார்த்திருந்தால்கூட நான் தப்பித்திருப்பேன்.

இன்னொன்று தரை. லிஸ்பன் நடைபாதைகள் எல்லாம் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்கள் பதித்தவை. கறுப்பும் வெள்ளையுமாக அலை அலையாகக் கோலம் போட்ட மாதிரி அவ்வளவு அழகு. ஆனால் காலங்காலமாகக் கால் பட்டுப் பட்டு வழவழப்பாகிவிட்டன. தூறல் விழுந்தால் சறுக்கும். அடியில் ரப்பர் பிடிப்பு உள்ள ஷூ இல்லாமல் பெரியவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். சூட்கேஸ் சக்கரத்துக்கும் இந்தக் கற்கள் பரம விரோதி. எங்களுடையதில் ஒன்று முதல் நாளே போய்விட்டது.

எந்தப் பகுதி யாருக்கு?

முதலில் ஒரு கதை. 1755 நவம்பர் 1, கிறிஸ்தவர்களின் அனைத்துப் புனிதர்கள் நாள். காலையில் ஊரே தேவாலயங்களில் இருந்தபோது பெரும் நிலநடுக்கம். அதைத் தொடர்ந்து சுனாமி, பிறகு நாள்கணக்கில் தீ. நடு நகரமே அழிந்துபோனது. பாறை மேல் இருந்த அல்ஃபாமா பெருமளவு தப்பியது. அதனால்தான் அது இன்றும் பழைய சந்துகளும் படிகளுமாக இருக்கிறது. அழிந்த தாழ்வான பகுதியை மார்க்கேஸ் தெ பொம்பால் என்ற அமைச்சர் சதுரங்கக் கட்டம் போல நேர் தெருக்களாகத் திரும்பக் கட்டினார். சுவருக்குள் மரச்சட்டக் கூண்டு வைத்து, அடுத்த நடுக்கத்தைத் தாங்கும் வீடுகள். இன்றைய பைஷா அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. அப்போதைய மன்னர் முதலாம் ஜோசே, நடுக்கத்துக்குப் பிறகு கல் கட்டடத்துக்குள் தூங்கவே பயந்தார். அஜுதா என்ற குன்றின் மேல் மரக்கொட்டகை அரண்மனை போட்டு, கடைசிவரை அங்கேயே காலம் தள்ளினார். லிஸ்பனில் எங்கே தங்குவது என்ற குழப்பம் ராஜாவையே விட்டு வைக்கவில்லை.

முதல் தடவை போகிறவர்கள், வயதானவர்களோடு போகிறவர்கள் பைஷாவில் லிஃப்ட் உள்ள ஓட்டல் பார்ப்பது நல்லது. சமதளம், மெட்ரோ பக்கம், ஆறு பக்கம். கூட்டமும் விலையும் அதிகம்தான். ஓட்டல்காரர்கள் மெனு கார்டோடு வழிமறித்துக் கூப்பிடுவார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், படியைப் பொறுத்துக்கொள்ள முடியாது. பக்கத்து மேட்டில் இருக்கும் ஷியாடோ கொஞ்சம் நாகரிகமான பகுதி, கொஞ்சம் காசு கூட. அதற்கு மேலே பைரோ ஆல்ட்டோ. இரவெல்லாம் மதுக்கடைகள், தெரு முழுக்க இளைஞர்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் பகலில் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டிய இடம்.

அல்ஃபாமாதான் வேண்டும், ஃபாடோ பாட்டு ஜன்னல் வழியே கேட்க வேண்டும் என்று ஆசையா? தப்பே இல்லை. குன்றின் அடிவாரத்தில், சாந்தா அப்பொலோனியா ரயில் நிலையம், தெரெய்ரு து பாசு மெட்ரோ நிலையம் பக்கமாகத் தேடுங்கள். அங்கே ஆற்றோரம் சமதளம். ஏறுவதா வேண்டாமா என்பதை அன்றன்று முடிவு செய்துகொள்ளலாம். குன்றின் உச்சியில் இருக்கும் கிராசா, காட்சிக்கு ஈடு இணையில்லை. ஆனால் அங்கே மெட்ரோ கிடையாது. கால் நன்றாக இருக்கும் புதுமணத் தம்பதிகளுக்கு விட்டுவிடலாம்.

பெலேம், பார்க் தாஸ் நாசொயிஸ் இரண்டும் சமதளம்தான், ஆனால் ஊரின் இரண்டு கோடிகள். பெலேமுக்குப் போய்ப் பார்ப்பது அவசியம், தங்குவது அவசியமில்லை.

நாங்கள் மாறிப்போன இடம் அரோயுஷ். சுற்றுலாப் பட்டியல்களில் முதலில் வராத, சாதாரண மக்கள் வாழும் பகுதி. பெரிய சாலை, லிஃப்ட் உள்ள அடுக்குமாடி, வட்ட வடிவில் ஒரு சந்தை, பச்சை வழி மெட்ரோ. விமான நிலையத்திலிருந்து சிவப்பு வழியில் ஏறி அலமேதாவில் மாறினால் அடுத்த ஸ்டேஷன். மெட்ரோவில் தெற்கே மூன்று நிறுத்தம் போனால் மார்த்திம் மொனீஸ். அதைச் சுற்றி வங்கதேச, இந்திய, நேபாளக் கடைகள். அரிசி, பருப்பு, மஞ்சள் தூள், கொத்தமல்லி எல்லாம் கிடைத்தன. சாமான் வாங்கிக்கொண்டிருந்த அம்மா, “இதை முதல்லயே பாத்திருக்கலாம்ல?” என்று கேட்டார். கேட்கத்தானே செய்வார்.

செலவுக் கணக்கில் ஒரு விஷயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அறை வாடகை போக, ஒருவருக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ சுற்றுலா வரி, அதிகபட்சம் 7 இரவுகள் வரை. 13 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குக் கிடையாது. ஷெங்கன் விசா விண்ணப்பத்துக்குத் தங்கும் இடத்தின் ஆதாரம் கேட்பார்கள். அதனால் பல மாதம் முன்பே அறை பிடிக்க வேண்டிவரும். இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு எடுங்கள். கொஞ்சம் கூடுதல் காசு ஆனாலும் சரி. நான் மிச்சம் பிடித்த தொகையைவிட இழந்தது பல மடங்கு.

ஏறாமல் ஏறும் வழிகள்

அரோயுஷ் வந்த பிறகு அம்மாவுக்கு ஊர் திறந்துகொண்டது. குன்றுகளின் மேல் அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க என் மகன் ஒரு திட்டமே போட்டான்.

பைஷா-ஷியாடோ மெட்ரோ நிலையம் அதில் முதலிடம். கீழ்ப்பக்க வாசலில் நுழைந்து, நீள நீளமான நகரும் படிகளில் ஏறினால் மேலே ஷியாடோவில் வெளிவரலாம். ஒரு குன்று மிச்சம்! கோட்டைக்குப் போக, பைஷாவில் ஃபன்கெய்ரோஸ் தெருவில் ஒரு கட்டடத்துக்குள் இலவசப் பொது லிஃப்ட் இருக்கிறது. அதில் மேலே போய், கொஞ்சம் நடந்தால் இன்னொரு இலவச லிஃப்ட். அதுவும் ஏற்றிவிட்ட பிறகு கோட்டை வாசலுக்கு இன்னும் கொஞ்சம் மேடு ஏற வேண்டும். அதனால் அம்மாவை 737-ம் எண் பஸ்ஸில் கூட்டிப்போனோம். ஃபிகெய்ரா சதுக்கத்தில் ஏறினால் கோட்டைப் பக்கம் வரை வளைந்து வளைந்து கொண்டுபோய் விடுகிறது.

புகழ்பெற்ற மஞ்சள் ட்ராம் 28-ஐ விட முடியுமா? மார்த்திம் மொனீஸில் புறப்படுகிறது. காலையில் சீக்கிரம் போனால் உட்கார இடம் கிடைக்கும், பத்து மணிக்கு மேல் வரிசையில் நின்றே கால் வலிக்கும். பிக்பாக்கெட் பயம் உண்டு. அம்மா கைப்பையை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டார். வீட்டுச் சுவருக்கும் ட்ராமுக்கும் ஒரு கை அகலம்தான் இடைவெளி. “நம்ம ஊரு மினி பஸ் டிரைவரு ஓட்டுன மாதிரி இருக்கு” என்று ரசித்தார்.

சரிவில் கம்பி இழுவையால் ஏறும் பழைய ட்ராம்களும் லிஸ்பனின் அடையாளம். அவற்றில் ஒன்றான குளோரியா 2025 செப்டம்பர் 3-ம் தேதி தடம் புரண்டு 16 பேர் உயிரிழந்தார்கள். அதையடுத்து மற்றவற்றையும் சோதனைக்காக நிறுத்தினார்கள். எனவே ‘பக்கத்தில் இழுவை ட்ராம் இருக்கிறது’ என்ற ஒரே நம்பிக்கையில் மேட்டில் அறை எடுக்காதீர்கள். ஆட்டோவும் இருக்கிறது, நம் ஊர் ஆட்டோவேதான், ‘டுக் டுக்’ என்கிறார்கள். பல வண்டிகள் பேட்டரியில் ஓடுகின்றன. அவர்கள் சொன்ன விலையைக் கேட்டு அம்மா சிரித்த சிரிப்பு அந்த டிரைவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்.

பெலேமுக்கு 15-ம் எண் ட்ராம். 1501-ல் கட்டத் தொடங்கிய ஜெரோனிமுஸ் மடத்துக்குப் போனோம். மிளகு உள்ளிட்ட வணிகத்தில் வந்த வரிப்பணம் அந்தக் கல் வேலைப்பாடுகளில் ஓடியிருக்கிறது. உள்ளே வாஸ்கோ ட காமாவின் கல்லறை. அம்மா அங்கே கொஞ்ச நேரம்தான் நின்றார். “இவரு நம்ம பக்கத்து ஆளுகளுக்குச் செஞ்சதெல்லாம் லேசுப்பட்டதில்ல” என்று நகர்ந்துவிட்டார். பிறகு 1837 முதல் நடக்கும் கடையில் கஸ்டர்ட் பேஸ்ட்ரி. நான்கு சாப்பிட்டார். தூத்துக்குடி மக்ரூனையும் போர்ச்சுக்கீசியர் வழி வந்தது என்றுதானே எங்கள் ஊரில் சொல்வார்கள், அதனால் இது உறவுக்காரப் பலகாரம் என்பது அவர் வாதம்.

அச்சகம் இருந்த இடம் எது என்று தேடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. பைஷாவுக்குக் கீழே ஆற்றங்கரையில் கொமெர்சியோ சதுக்கம் இருக்கிறது. ஆற்றுக்குள் இறங்கும் படித்துறையில் இரண்டு கல் தூண்கள். அங்கே ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தோம். “கப்பல் இங்கேருந்துதான் கிளம்பியிருக்கும். புத்தகம் வந்து சேர எத்தனை மாசம் ஆச்சோ” என்றார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. நானும் போனை எடுக்கவில்லை.

மீன் குழம்பு

அரோயுஷ் சந்தையில் மீன் வாங்கப் போனது தனிக் கதை. அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்ததும் மீன்காரப் பெண்மணிக்கு மரியாதை வந்துவிட்டது. சார்டீன் என்று எழுதியிருந்ததை, “நம்ம சாளை” என்று ஒரு கிலோ வாங்கினார். எலுமிச்சைச் சாறும் தக்காளியும் விட்டு, புளி இல்லாமல் ஒரு குழம்பு. புளி இந்தியக் கடையில் கிடைத்திருக்கும், நான்தான் மறந்துவிட்டேன்.

கடைசி நாள். முதல் வீட்டில் என் மகனின் ஜாக்கெட் தங்கிவிட்டது. எடுக்கப் போவதாகச் சொன்னதும் அம்மா ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் குழம்பும் சோறும் கட்டிக் கொடுத்தார். “அந்தம்மாகிட்ட குடு. காரம்னு சைகை காட்டிச் சொல்லு.”

58 படி. எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. பாட்டி எங்களைப் பார்த்ததும் முதலில் எங்கள் பின்னால் தேடினார். பிறகு தன் முழங்காலைத் தொட்டு, புருவத்தை உயர்த்தினார். நான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். மகன் மேலே ஓடி டப்பாவைக் கொடுத்தான். கொஞ்சம் நிற்கச் சொல்லி உள்ளே போனவர், குழம்பைத் தன் பாத்திரத்துக்கு மாற்றி, டப்பாவைக் கழுவித் துடைத்து, அதில் பிஸ்கட்டுகளை அடுக்கிக் கொடுத்தனுப்பினார்.

அறைக்கு வந்து அம்மாவிடம் நீட்டினேன். திறந்து பார்த்தார்.

“வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தர மாட்டாங்க போல இங்கேயும்” என்றவர், ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே கேட்டார், “அந்தம்மா இப்ப எத்தனாவது மாடி?”

“இரண்டாவது.”

“அப்ப அவங்களுக்கு வெளியில 58, உள்ள ஒரு 34 இருக்குமா? பாவம், தினமும் சந்தைக்கு எப்படிப் போறாங்க?”